தன் பல்லுக்கே சூடு வைத்த ஏகாம்பரம்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. செத்துப்போன நாத்தனாரின் இரண்டையும் என் மூன்றோடு சேர்த்து ஒரே சட்டியில் சோறு பிசைந்து போட்டு வளர்த்தேன். அந்த ஐந்தில் ஒன்றுக்கும் இன்றைக்கு வரை சொத்தைப் பல் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

படிப்பு இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். அம்பத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்போது டாக்டர் பக்கத்தில் நின்று கை கொடுக்கும் உதவியாளராக இருந்தேன். அந்த வேலைக்கு இப்போது புதிதாக வந்திருக்கும் பெண்களாகிய உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மேடையில் ஏறி நின்றால் எனக்கு முழங்கால் பேசும், வாய் பேசாது. அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவரவர் பேசிய மாதிரியே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

கருவியைக் கழுவுவது, கொதிக்க வைப்பது, பஞ்சு உருட்டுவது எல்லாம் உங்களுக்கு வேறு யாராவது கற்றுக் கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது வேறு. ஒரு மனிதன் தன் வாயில் இருந்ததற்குத் தானே சூடு வைத்துக்கொண்டான். அதனால் எங்கள் சின்ன டாக்டரம்மா ஆசைப்பட்டுக் கற்றுவந்த வேலையே போக இருந்தது. அந்தக் கதை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள். பெரிய டாக்டர், அவருடைய மருமகள் சின்ன டாக்டரம்மா. பெரிய டாக்டர் பல் பிடுங்குவதில் பேர் வாங்கியவர். ஆவடியில் ஆரம்பித்துப் பாரிவாக்கம் வரைக்கும் பொக்கை வாயோடு ஒருவர் சிரித்தால், அதில் பாதி எங்கள் பெரிய டாக்டர் செய்த வேலையாக இருக்கும். பிடுங்கிய இடத்துக்குப் பல் செட் கட்டிக் கொடுப்பதும் அவரே. அவர் அறை அலமாரி முழுக்க, செட்டுக்காக அச்செடுத்த பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் பெருக்கப் போனவள் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

சின்ன டாக்டரம்மா வெளியூர் போய் ஒரு புது வைத்தியம் கற்றுக்கொண்டு, அதற்கான கருவிப் பெட்டியோடு வந்திருந்தார். இம்ப்ளான்ட். இன்றைக்கு உங்களுக்கு அது சாதாரணம். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பேரையே யாரும் கேட்டதில்லை. பல் விழுந்த இடத்தில் தாடை எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன ஒரு சின்னத் திருகாணியை முடுக்கி, ஈறை மூடித் தைத்துவிடுவார்கள். சில மாதத்தில் எலும்பு அதைத் தன் சொந்தம் என்று நினைத்து இறுகக் கட்டிக்கொள்ளும். பிறகு ஈறைத் திறந்து திருகாணியின் தலையில் ஒரு குமிழ் மாட்டுவார்கள். ஈறு ஆறியதும் குமிழைக் கழற்றிவிட்டு அங்கே பல் வைப்பார்கள். செட் மாதிரி ராத்திரியில் கழற்றித் தம்ளரில் போட வேண்டிய வேலை கிடையாது.

இதைக் கேட்டதும் பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் துடைப்பது வழக்கம்.

"தாடை என்ன மரப்பலகையா, திருகாணி முடுக்கறதுக்கு?"

"மாமா, ஒரு தடவை செஞ்சு காட்டறேனே."

"ஒண்ணே ஒண்ணு. எலும்பு அதைப் பிடிச்சுதுன்னா நீ உன் வழியில போ, நான் கேக்க மாட்டேன். பிடிக்கலைன்னா அந்தப் பெட்டியை மூடி வெச்சிட்டு என் பக்கத்துல உக்காந்து பிளாஸ்டர் கரைக்கணும். சம்மதமா?"

"சம்மதம் மாமா."

வாய் பட்டென்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியைப் பிடித்திருந்த கைகள் அதை விடவில்லை. குழந்தையை யாரோ பிடுங்க வந்த மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

அந்த ஒரே ஒரு ஆளாக வந்து சேர்ந்தவர்தான் ஏகாம்பரம். திருமுல்லைவாயில்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் உலை பார்க்கிறவர். அங்கே என்ன வேலை என்றால், இரும்பு சாமான்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று முக்கிக் கெட்டியாக்குவது. கீழ்வரிசையில் பக்கப் பல் ஒன்று அவருக்கு இல்லை. மச்சான் கல்யாணத்தில் கலர் பாட்டில் திறக்க ஓப்பனர் கிடைக்கவில்லை, இவர் பல்லைக் கொடுத்தார். மூடி வந்தது, பல்லும் கூடவே வந்தது.

பெரிய டாக்டர் செட் கட்டலாம் என்றார். ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"செட்டு மட்டும் வாணாம் டாக்டரே. எம் மச்சான் பந்தியில குந்திகினு தும்மினான். செட்டு பறந்து போயி எதிர் எலையில வுயிந்துச்சி. அந்த ஆளு வடைன்னு நென்ச்சி கைய வெச்சிட்டான். அன்னிலேர்ந்து ரெண்டு குடும்பமும் பேச்சு வார்த்த இல்ல."

சின்ன டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாதிரிக்கு வைத்திருந்த திருகாணியை எடுத்துக் காட்டினார். ஏகாம்பரம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். நகைக்கடையில் நிற்கிற சம்பந்தியம்மா மாதிரி இருந்தது.

"இது இன்னா மெட்டலு?"

"டைட்டானியம்."

"பேரு பெருசா கீது. ஹீட்டு தாங்குமா?"

"உங்க உலையையே தாங்கும், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா, சிரித்துக்கொண்டே. அது தப்பில்லை. உலோகம் தாங்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கப்போகிற எலும்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

திருகாணி வைக்கிற அன்று காலையில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கன்னியம்மா, துளை போடும்போது எலும்பு சூடாகும். சூடு ஏறுன எலும்பு செத்துடும். செத்த எலும்பு எதையும் பிடிக்காது. அதனால குளுகுளுன்னு இருக்கற இந்தத் தண்ணியை நீங்க ஊத்திட்டே இருக்கணும். நான் நிறுத்துங்கன்னு சொல்ற வரைக்கும், கூரை இடிஞ்சு விழுந்தாலும் நிறுத்தக் கூடாது."

கூரை விழவில்லை. கூரையிலிருந்து பல்லி விழுந்தது. நேராக என் உச்சந்தலையில், நான் போட்டிருந்த துணித் தொப்பியின்மேல் 'தொப்'.

நீங்கள் சிரிக்கலாம். எங்கள் காலத்தில் பல்லி தலையில் விழுந்தால் கலகம் என்பார்கள். குளித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு கத்தாவது கத்துவார்கள். எனக்கும் கத்தத்தான் வந்தது. டாக்டரம்மாவின் கண் துளையை விட்டு நகரவில்லை, அவருக்குத் தெரியாது. துணிக்கு வெளியே ஏகாம்பரத்தின் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் என் தலையைப் பார்த்தன, பெரிதாகின, மறுபடி என்னைப் பார்த்தன. வாயைத் திறந்து வைத்திருக்கிற மனிதர், "ஆ, ஆ" என்று ஏதோ சொல்ல வந்தார்.

"ஆட்டாதீங்க" என்றார் டாக்டரம்மா.

நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பல்லி என் காது வரைக்கும் நடந்து வந்து நின்று யோசித்தது. அப்போது வேடிக்கை பார்க்க வாசலில் நின்றிருந்த பெரிய டாக்டர் மெதுவாக வந்து, ஈறுக்கு அச்சு எடுக்கும் தட்டு ஒன்றை என் தோளருகே நீட்டினார். பல்லி அதில் ஏறிக்கொண்டது, மாப்பிள்ளை காரில் ஏறுவது போல. அவர் அதை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, தட்டைக் கழுவப் போனார். டாக்டரம்மா "போதும்" என்று சொன்ன பிறகுதான் கையை இறக்கினேன். அதற்கப்புறம் வாஷ்பேசினுக்குப் போய் என் கத்தலைக் கத்தி முடித்தேன்.

இதில் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பயம் வரும், வரட்டும். அது வந்து ஓரமாக உட்காரட்டும், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு அதைக் கவனிக்கலாம்.

மாதங்கள் போயின. ஈறைத் திறந்து பார்க்கும் நாள் வந்தது. டாக்டரம்மா சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் திருகாணியைத் தட்டினார். 'டிங்' என்று வெண்கலக் கிண்ணம் மாதிரி கேட்டது. எலும்பு பிடித்திருந்தால் அப்படித்தான் கேட்கும். பெரிய டாக்டர் வந்தார். தானும் தட்டினார். ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"ம்" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, "இன்னும் பல்லு வைக்கலை, தெரியுமில்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குமிழ் மாட்டியாயிற்று. டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. அந்தச் சந்தோஷத்திலேயே ஏகாம்பரத்துக்குப் பத்தியம் சொன்னார்: "பீடி கூடாது. முறுக்கு கூடாது. பாட்டில் மூடி கூடவே கூடாது. சுடுதண்ணியில உப்பு போட்டு தினம் கொப்பளிங்க. ஈறு ஆறினதும் வாங்க, பல்லு வெச்சுடலாம்."

பல் வைக்கிற நாளும் வந்தது. ஏகாம்பரம் மனைவி தனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். தனம் உள்ளே நுழையும்போதே சண்டைக்கு நின்ற மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நுழைந்தாள்.

"டாக்டரம்மா, நல்லாருப்பீங்க, இந்த வைத்தியம் இன்னும் எத்தினி நாளிக்கி? எம் ஊட்ல ஒரு கரண்டி உருப்படியா இல்ல."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "கரண்டியா?"

"பின்ன? காலையில ஒரு தபா, வேலை வுட்டு வந்து ஒரு தபா. கரண்டிக் காம்ப அடுப்புல காட்டிகினு நிக்கறாரு. அப்பால வாயத் தொறந்துகினு உள்ள வெச்சிக்கிறாரு. எங்கம்மா நான் பொய் சொன்னா வாயில சூடு வெப்பேன்னு மெரட்டும், ஒரு நாளும் வெச்சதில்ல. இந்த ஆளு தனக்குத்தானே வெச்சிகினு கீறாரு!"

"நீ கம்முனு இரு தனம். உனுக்கு இன்னா தெரியும்?" ஏகாம்பரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பரிசு வாங்க வந்தவரின் களை. "டாக்டரே, நான் சொல்றேன் கேளுங்கோ. எந்த மெட்டலா இருந்தாலும் பச்சையா கொண்ணாந்து மிஷின்ல மாட்டுனா தேஞ்சி பூடும். காய்ச்சணும், சட்டுனு குளிர வெக்கணும். அப்பத்தான் கெட்டியாவும். நீங்க சுடுதண்ணின்னு சொன்னப்பவே எனுக்குப் புரிஞ்சிபோச்சி. அட, நம்ம டாக்டரம்மாவுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் தெரிஞ்சிகீதேன்னு நென்ச்சேன்."

"ஐயோ" என்றார் டாக்டரம்மா, மெல்ல.

"ஆனா சுடுதண்ணி எம்மாத்திரம்? அந்த ஹீட்டு பத்தாது. அதான் நாக்குல படாம ஈரத்துணிய சுத்தி வெச்சிகினு, காம்பு நல்லா காஞ்சதும் குமிழு மேல அழுத்திப் புடிச்சேன். அப்பால ஐஸ் தண்ணி. உலையில எப்பிடியோ அப்பிடி."

"வலிக்கலையா?"

"எங்க வலிச்சிது? பக்கத்துப் பல்லு கத்து கத்துன்னு கத்திச்சி. இது கல்லுப்பிள்ளையாரு மாதிரி குந்திகினு கீது. தங்கமான மெட்டலு டாக்டரே!"

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஏன் வலிக்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரம்மா பிற்பாடு எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன். கொதிக்கிற ரசத்தில் எவர்சில்வர் கரண்டியை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வந்து எடுக்கும்போது காம்பு கையைச் சுடும். மரக்கரண்டியை விட்டிருந்தால் சுடாது. நம் சொந்தப் பல் மரக்கரண்டி மாதிரி. சூட்டைச் சீக்கிரம் கீழே விடாது. விட்டாலும் உள்ளே நரம்பு இருக்கிறது, உடனே கத்தும், நாம் டீயைத் துப்புவோம். டைட்டானியம் உலோகம். மேலே வைத்த சூட்டைக் கீழே எலும்புக்கு இறக்கிவிடும். அதற்கு நரம்பும் கிடையாது, கத்தவும் கத்தாது. எலும்பு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும், ஆள் வெளியே சிரித்துக்கொண்டிருப்பார். என் ஐந்து பிள்ளைகளில் அழுத பிள்ளைகளால் எனக்குக் கஷ்டமே இல்லை. அழாமல் மூலையில் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் காய்ச்சல் ஏறியிருக்கும். நாற்காலியில் உட்காருகிறவர்களிலும் "ஒன்றும் வலிக்கவில்லை" என்கிறவரைத்தான் இரண்டாம் தடவை பார்க்க வேண்டும்.

டாக்டரம்மா குமிழைத் தட்டினார்.

'டொக்.'

மறுபடியும் தட்டினார். ஊறின கதவைத் தட்டினால் வருகிற சத்தம். இடுக்கியால் பிடித்து லேசாகத் திருப்பினார். திரும்பக் கூடாதது திரும்பியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். வெந்த சேப்பங்கிழங்கில் குத்தின ஈர்க்குச்சி மாதிரி, திருகாணி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. தட்டில் போட்டார். 'கிண்' என்று விழுந்தது. தட்டில் மட்டும் நல்ல சத்தம்.

நான் தலையைத் திருப்பினேன். வாசலில் பெரிய டாக்டர். கை இரண்டிலும் கரைத்த பிளாஸ்டர். எப்போதிலிருந்து நின்றுகொண்டிருந்தாரோ.

அவர் தட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். டாக்டரம்மாவின் முகம் வெள்ளைத் துணி. பந்தயம் என்னவென்று அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"என்ன ஆச்சு?" என்றார் பெரிய டாக்டர்.

அப்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது, மறைப்பானேன். ஏகாம்பரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் டாக்டரம்மா தப்பிக்கலாம். கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி வாயில் வைத்துக்கொள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. மனைவியே சாட்சி. ஒரே வரியில் முடிந்துவிடும். பெரிய டாக்டருக்கும் அதே எண்ணம் போலிருக்கிறது, என் பக்கம் திரும்பினார்.

"கன்னியம்மா, நீ அன்னிக்குக் கூட இருந்தியே. இவ அவருக்கு என்ன சொல்லி அனுப்பினா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் திறந்தபடியே நின்றேன். பல்லைப் பிடுங்குகிறவர் முன்னால் வாயைத் திறந்தபடி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மூட முடியவில்லை.

"நானே சொல்றேன் மாமா" என்றார் டாக்டரம்மா. "வெதுவெதுன்னு தண்ணின்னு சொல்லியிருக்கணும். சுடுதண்ணின்னு சொன்னேன். உலையையே தாங்கும்னும் சொன்னேன். அவர் உலை வேலை செய்யறவர்னு எனக்குத் தெரியும். முறுக்கு கூடாதுன்னு சொல்லத் தெரிஞ்ச எனக்கு, சூடு கூடாதுன்னு சொல்லத் தோணலை. இது என் தப்பு."

"இன்னாது?" ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், மார்பில் கட்டின துணியோடு. "உன் தப்பா? நீ டாக்டரு, நீ வாயப் பாத்துக்க. ஹீட்டு என் டிபார்ட்மென்ட்டு. நான் வெச்ச ஹீட்டுக்கு நீ எப்பிடிம்மா பொறுப்பாவ?"

"இல்லைங்க, நான்தான் சொல்லியிருக்கணும்."

"சொல்லாட்டி இன்னா? பட்டறைக்குப் புதுசா ஒரு மெட்டலு வந்தா, இது எந்த ஹீட்டு தாங்கும்னு கேட்டுட்டுதான் உலைக்குள்ள வுடணும். இது பொடிப் பையனுக்குக்கூடத் தெரியும். நான் கேக்கல. மெட்டலு தாங்குமான்னு கேட்டேன், அது குந்திகினு கீற எடம் தாங்குமான்னு கேக்கல. இத்தினி வருசம் உலை பாத்தவன் நானு. யாருனா எம் பட்டறையில இப்பிடி பண்ணிருந்தா, அவன நான் கேட்டுக்கு வெளிய அனுப்பிருப்பேன்!"

"நீங்க அப்படிச் சொல்லக் கூடாது, இது என் பொறுப்பு."

"அட, இன்னாம்மா இது அக்கிரமம்! எம் மெட்டலு, எங் கரண்டி, எங் கையி. தப்பு என்து!"

"என்னுது!"

"என்துன்றேன்!"

இரண்டு பேரும் தப்புக்காக மூக்கோடு மூக்கு நின்றார்கள். அந்த மாதிரி சண்டையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தனம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊட்ல உப்பு இல்லன்னாலும் நான்தான் காரணம்ன்ற ஆளு, இங்க வந்து வள்ளல் மாதிரி வாரிக்கிறாரு பாரு" என்றாள் என்னிடம்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கையெல்லாம் பிளாஸ்டர் இருந்ததால் கண்ணாடி துடைக்கத் துடைக்க வெள்ளையாகிக்கொண்டே போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எத்தனையோ வருஷமா செட் கட்டறேன்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். "மேல உக்காந்து நசுக்கிட்டு வருவான். நீங்க சரியா கட்டலைம்பான். நாய் கவ்விட்டுப் போன செட்டுக்குக்கூட என்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கான். நான் மட்டும் என்ன? செட் ஆடுதுன்னு வந்தா உன் ஈறு சரியில்லைன்னுதான் சொல்லி அனுப்பியிருக்கேன். ஒரு நாள்கூட..."

அதை அவர் முடிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது, ஒன்றும் தெரிந்திருக்காது.

"மாமா" என்றார் டாக்டரம்மா. "பந்தயத்துல நான் தோத்துட்டேன். பெட்டியை மூடிடறேன்."

"எலும்பு பிடிக்குமான்னுதானே பந்தயம்? பிடிச்சுதே. நான் தட்டிப் பார்த்தேனே. கரண்டியைக் காய்ச்சி வெச்சா என் தாடையே கழண்டு கையில வந்துடும், இது திருகாணி." தட்டில் கிடந்ததைக் கையில் எடுத்து ஒரு தடவை பார்த்தார். "அந்த இடம் ஆறட்டும். ஆறினதும் இந்த ஆளுக்கு இன்னொண்ணு வை."

டாக்டரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கப் பஞ்சு டப்பாவைத் திறந்து காரணமே இல்லாமல் பஞ்சு உருட்ட ஆரம்பித்தார்.

பெரிய டாக்டர் வாசலுக்குப் போனார், கையால் துழாவிக்கொண்டு. "பிளாஸ்டர் நானே கரைச்சுக்கறேன். உனக்கு அது பதமா வராது, கட்டி கட்டியா விடுவே."

அவர் போன பிறகு தனம்தான் முதலில் பேசினாள்.

"அதெல்லாம் சரி டாக்டரம்மா. எங் கரண்டிங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

ஏகாம்பரத்தின் இரண்டாவது திருகாணி நின்றது. தட்டும்போதெல்லாம் 'டிங்'. அவருக்குக் கிடைத்த தண்டனை டீக்கடையில். அதுவரைக்கும் அடுப்பிலிருந்து இறக்கினது ஆறுவதற்குள் குடிப்பதுதான் ஆம்பளைத்தனம் என்று இருந்தவர். அன்றிலிருந்து தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஊதி ஊதிக் காத்திருந்தார். டீ மாஸ்டர், "அண்ணாத்தே, குயந்தைக்கா ஆத்தற?" என்று கேட்டாராம். இவர் அத்தனை பேருக்கும் வாயைத் திறந்து காட்டி, உலோகத்தின் வழியே சூடு எப்படி எலும்புக்கு இறங்கும் என்று அங்கேயே வகுப்பு எடுத்தாராம். அந்தக் கடையிலிருந்து எங்களுக்கு வந்த நோயாளிகள் நிறைய. ஒவ்வொருவரும் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே, "நான் வெதுவெதுன்னுதான் குடிக்கிறேன் டாக்டரே" என்று ஒப்பித்தார்கள்.

டாக்டரம்மா அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்பார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பூக்கட்டுகிற அம்மா நாரைப் பல்லால் கடித்து அறுப்பாள். தையல்காரர் ஊசியைப் பல்லில் கவ்விக்கொள்வார். ஒயர்மேன் ஒயரின் தோலைப் பல்லால் உரிப்பார். ஆள் தன் தொழிலைப் பட்டறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை, வாய்க்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறான். அதைக் கேட்காமல் பத்தியம் சொல்லாதீர்கள். கேட்க மறந்துபோய் ஏதாவது கெட்டுப்போனால், எங்கள் டாக்டரம்மா எப்படி முன்னால் நின்று தன் தப்பைச் சொன்னார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொழில் போய்விடும் என்று தெரிந்தே சொன்னார். போகவில்லை. ஆனால் போகாது என்று தெரிந்து அவர் சொல்லவில்லை, அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பேத்தி, பேனாவை மூடு. எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. நிதானமாகப் படி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ஏகாம்பரம் பேசுகிற இடம் வந்தால் மட்டும் எழுந்து நின்று சத்தமாகப் படி. அந்த ஆள் உட்கார்ந்து மெதுவாகப் பேசியது எனக்கு நினைவே இல்லை.